ஒருபக்கம் தீட்டிய அரிவாள்

கல்லைப் பிடிக்கத் தெரியாதவன் அரிவாளைத் தொடவே கூடாது. நான் இதைச் சொன்னால் உச்சிமாகாளிக்குத் திமிர் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். நாலு இழுப்பு இழுத்துவிட்டுத் தீட்டியாயிற்று என்று எழுந்திருக்கிறவனைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். குத்துக்காலிட்டு உட்கார வேண்டும். பிடியைக் காலால் அழுத்தி, நுனியை ஒரு கட்டைமேல் சாய்த்துக்கொள்ள வேண்டும். கல்லை நனைத்து வெட்டுவாயில் வைத்தால், அதன் பின்பக்கத்துக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு புளியங்கொட்டை நுழைகிற அளவு சாய்வு இருக்க வேண்டும். அந்தச் சாய்வு பிடியிலிருந்து நுனிவரை இம்மி மாறக்கூடாது. மணிக்கட்டு ஆடவே கூடாது, தோள்தான் போய்வர வேண்டும். மணிக்கட்டு ஆடினால் விளிம்பு உருண்டுபோகும், அப்புறம் அதை வைத்துத் தயிரைத்தான் வெட்டலாம். ஒரு பக்கம் முடிந்ததும் திருப்பி, மறுபக்கமும் அதே சாய்வில் அதே அளவு. சீசன் நாளில் குற்றாலத்து மெஸ்காரர்கள்கூட அரிவாள்மணையை எங்கள் இலஞ்சிக்குக் கொடுத்தனுப்பி என்னிடம் தீட்டி வாங்கிக்கொண்டு போவார்கள்.

அப்படிப்பட்ட என் வீட்டிலேயே ஒருத்தி கல்லை ஒருபக்கம் மட்டும் பிடித்தாள். என் மனைவி வடிவம்மாள்தான். அவள் பிறந்தது சுரண்டைக்குக் கிழக்கே ஒரு வறண்ட ஊர். அங்கே பெண்கள் புல்லறுக்கிற அரிவாளை மேல்பக்கம் மட்டும்தான் தீட்டுவார்கள். அடிப்பக்கம் தட்டையாகவே இருக்கும். அப்போதுதான் அது தரையோடு வழுக்கிக்கொண்டு போய்ப் புல்லை அடியொட்ட அறுக்குமாம். புல் அருமையான ஊர், அவர்களுக்கு அது சரி. சாரல் அடித்து இடுப்பளவு புல் நிற்கிற எங்கள் ஊரில் அது எதற்கு? கல்யாணமான நாள்முதல் இதற்குச் சண்டை. மாட்டுக்கு வாழைத்தண்டு நறுக்கிப் போட்டாள் என்றால், ஒருபக்கத் தீட்டு வெட்டை இழுத்துக்கொண்டு போய், துண்டுகளின் முகம் தட்டையாக வராமல் குழிந்துபோய்க் கிடக்கும். எங்கள் மகள் சின்னப்பிள்ளையாய் இருந்தபோது அதையெல்லாம் பொறுக்கித் தட்டு, கிண்ணம் என்று வைத்துச் சோறாக்கி விளையாடுவாள். நான் கத்துவேன். வடிவு காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டாள்.

மகள் பெயர் குழல்வாய்மொழி. குற்றாலத்து அம்மன் பெயர். எழுபத்தெட்டாம் வருஷம் அவளுக்குப் பதினைந்து வயது, பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். வடிவின் கடைசித் தம்பி சங்கிலிப்பாண்டிக்கு அவளைக் கொடுப்பதென்று நான் பேசி முடித்திருந்தேன். அவனுக்கு முப்பதைத் தாண்டியிருந்தது. முதல் மனைவி பேச்சி கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட இல்லாமல் வயிற்றுவலியில் இறந்துபோயிருந்தாள். தாய்மாமன் முறை, சொந்தத்துக்குள் சொந்தம், பெண் கண்ணுக்கெதிரே இருப்பாள், வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன். அந்தக் காலத்தில் வயதை யார் கேட்டார்கள்?

வடிவு ஒரே ஒரு தடவை வேண்டாம் என்றாள். உன் கூடப்பிறந்த தம்பிக்குக் கொடுக்க உனக்கே வலிக்கிறதா என்று நான் ஒரு சத்தம் போட்டேன். அதற்கப்புறம் அவள் வாயைத் திறக்கவில்லை. சரி, வழிக்கு வந்துவிட்டாள் என்று விட்டுவிட்டேன்.

கல்யாணம் ஆவணியில். அதற்கு நான் நம்பியிருந்ததெல்லாம் சிற்றாற்றுக் கால்வாய் ஓரத்தில் நின்ற ஏத்தன் வாழைதான், நேந்திரம் என்பார்களே அது. ஓணத்துக்கு மலையாளத்துக்காரர்கள் ஏத்தன் தாரை அடித்துப்பிடித்து வாங்குவார்கள். அதைக் கணக்குப் பண்ணித்தான் கன்று வைத்திருந்தேன். எல்லா மரமும் தார் தள்ளி, காய் திரண்டு, முட்டுக்கம்பு கொடுத்து நின்றது. இன்னும் இருபது நாள் போனால் வெட்டலாம். வாழை வீடு வந்து சேர்ந்தால் கல்யாணம், சேராவிட்டால் இல்லை. அது ஊருக்கே தெரியும்.

ஆடிக் கிருத்திகைக்குப் பண்பொழித் திருமலைக்குப் போனேன். முதல் பத்திரிகையை முருகன் காலடியில் வைத்துவிட்டு, ராத்திரி அங்கேயே என் அக்காள் வீட்டில் தங்கினேன். காலையில் செங்கோட்டை பஸ்ஸில் வந்து இறங்கினால், எதிரே வந்த ஒருத்தரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. டீக்கடைக்காரர் மட்டும் கல்லாவை விட்டு எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். தோட்டத்துக்குப் போ உச்சி, என்றார்.  யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்றுதான் நினைத்தேன். மகளா, மனைவியா என்று தெரியாமலே ஓடினேன்.

வரப்பில் ஏறி நின்றேன். தோட்டமே இல்லை. முந்தாநாள் வரைக்கும் உள்ளே நுழைந்தால் வெயில் படாது. இப்போது அந்தப்பக்கத்து ரோடு தெரிகிறது. அத்தனை மரமும் தாரோடு, முட்டுக்கம்போடு சாய்ந்து ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஒன்றுகூட மிச்சமில்லை. அடிக்கட்டைகள் முழங்கால் உயரத்தில் வரிசை வரிசையாக நின்றன, அவற்றிலிருந்து நீர் இன்னும் வடிந்துகொண்டிருந்தது. நான் உட்கார்ந்துவிட்டேன். என் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது என் சத்தம்தான் என்று எனக்கே கொஞ்சநேரம் கழித்துத்தான் தெரிந்தது.

வடிவு மரங்களுக்கு நடுவில் கிடந்தாள். ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்து அழுவாள், அதை விட்டு அடுத்ததைப் போய்க் கட்டிக்கொள்வாள். சேலையெல்லாம் வாழைக்கறை. இரண்டு பெண்கள் அவளைத் தூக்கப் பார்த்தும் முடியவில்லை. அந்த மரங்களுக்கு என்னைவிட அதிகம் தண்ணீர் பாய்ச்சினவள் அவள்தான். பார்க்கச் சகிக்கவில்லை எனக்கு.

யார் செய்தது என்று கேட்க வேண்டிய தேவையே இல்லை. எல்லார் வாயிலும் ஒரே பெயர்தான், ஞானதுரை. அடுத்த வயல்காரன். முந்தின வாரம்தான் கால்வாய் மடையில் தண்ணீருக்காக அவனும் நானும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றோம். உன் வாழை எப்படி வீடு வந்து சேருகிறதென்று பார்க்கிறேன் என்று பத்துப் பேர் கேட்கச் சொன்னவன் அவன். அந்தப் பத்துப் பேரும் இப்போது வரப்பில்தான் நின்றார்கள். சொல்லிவைத்தாற்போல அவனும் தன் வயலிலிருந்து அங்கே வந்து சேர்ந்தான். சாய்ந்து கிடந்த மரங்களைப் பார்த்துப் பேயறைந்தவன் மாதிரி நின்றுவிட்டு, என்னிடம் வந்தான்.

"அண்ணாச்சி, நான் ஒரு வார்த்தை கோவத்துல சொன்னேன். வாழைய வெட்டுத பாவத்த நான் செய்வனா? எம் பிள்ளைய மேல சத்தியம், நான் இல்ல" என்றான்.

அவன் கண் கலங்கியிருந்தது. நடிக்கிறான் என்று நினைத்தேன். ஓங்கி ஓர் அறை விட்டேன். அவன் திருப்பி அடிக்கவில்லை, கன்னத்தைப் பிடித்துக்கொண்டான். அப்புறம் தன் பம்ப்செட் ரூமைப் பார்த்து நடந்தான். குற்றம் செய்தவன்தான் இப்படித் தலையைக் குனிந்துகொண்டு போவான் என்று எனக்குப் பக்கத்தில் யாரோ சொன்னார்கள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

பத்துமணி சுமாருக்குச் சங்கிலிப்பாண்டி சுரண்டையிலிருந்து வந்து சேர்ந்தான். யார் போய்ச் சொன்னார்களோ தெரியாது. நல்ல வாட்டசாட்டமான ஆள். வரப்பில் நின்று தோட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தான், கத்தவில்லை, அழவில்லை. முதுகுப்பக்கம் சட்டைக்குள்ளிருந்து ஒரு வெட்டரிவாளை உருவி என்னிடம் நீட்டினான்.

"அத்தான், இது கொஞ்சம் மழுங்கிக் கெடக்கு. ஒங்க கையால ஒருக்க தீட்டித் தாங்க. பொழுது சாயுததுக்குள்ள அந்த ஞானதொரைய நான் பாத்துட்டு வாரேன்."

கூடி நின்றவர்கள் யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால், மாப்பிள்ளை என்றால் இவனல்லவா மாப்பிள்ளை என்று அந்த நேரத்திலும் நெஞ்சு நிமிர்ந்தது. வீட்டிலிருந்து தீட்டுக்கல்லை எடுத்துவரச் சொல்லி, கால்வாய் ஓரமாக வெட்டுப்பட்ட மரம் ஒன்றின்மேல் உட்கார்ந்தேன்.

பிடியைக் காலால் அழுத்தினேன். கல்லை நனைத்து வைத்தேன். கோபத்தில் உடம்பெல்லாம் ஆடிக்கொண்டிருந்தது, ஆனால் கல் இரும்பைத் தொட்டதும் கை மட்டும் அடங்கிவிட்டது. அதுதான் பழக்கம். தோள் போயிற்று, வந்தது. சாய்வு மாறவில்லை. ஒருபக்கம் முடித்துத் திருப்பி மறுபக்கமும் தீட்டினேன். சாரல் விழ ஆரம்பித்தது. சங்கிலிப்பாண்டி கொஞ்சம் தள்ளிப் பீடி குடித்துக்கொண்டிருந்தான். ஒரு மனிதனை வெட்டுவதற்கு நான் கூர் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் போட்டேன்.

தீட்டி முடித்தால் எதையாவது வெட்டிப் பார்க்காமல் அரிவாளைக் கையைவிட்டுக் கொடுக்க மாட்டேன். அது என் வழக்கம். பக்கத்தில் நின்ற அடிக்கட்டையின்மேல் ஒரு வீச்சு வீசினேன். ஒரு சாண் துண்டு வெண்ணெய் மாதிரி நழுவி விழுந்தது. வெட்டின முகத்தைப் பார்த்தேன். பலகை மாதிரித் தட்டையாக இருந்தது, மழைநீர் அதில் நிற்காமல் வழிந்து போயிற்று. இரண்டு பக்கமும் ஒரே சாய்வில் தீட்டின அரிவாள் அப்படித்தான் வெட்டும். திருப்தியாக நிமிர்ந்தவன் அடுத்த அடிக்கட்டையைப் பார்த்தேன்.

அதன் முகம் குழிந்திருந்தது. குழிக்குள் சாரல் தண்ணீர் தேங்கி நின்றது.

அதற்கடுத்ததைப் பார்த்தேன். அதுவும் அப்படித்தான். எழுந்து வரிசையோடு நடந்தேன். எல்லாம் குழி, எல்லாவற்றிலும் தண்ணீர். ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று வெட்டு. சின்ன அரிவாள், வீசி வெட்டினதல்ல, இழுத்து அறுத்தது. ஒவ்வொரு வெட்டும் ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டு போயிருந்தது. இலஞ்சியில் இப்படி வெட்டுகிற அரிவாள் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அந்த வெட்டைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டே பதினாறு வருஷம் குடும்பம் நடத்தினவன் நான்.

 இருக்காது, யாரோ அதைத் திருடிக்கொண்டு வந்து வெட்டியிருக்கிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சங்கிலிப்பாண்டி, ஆச்சா அத்தான் என்று கேட்டான். இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது, வீட்டில் வேறு கல் இருக்கிறது, தீட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்லி அரிவாளோடு நடந்தேன். 

வீடு தோட்டத்துக்கு மேல்பக்கம், கூப்பிடு தூரம்தான். மாட்டுத்தொழுவத்துக் கூரையில் எப்போதும் செருகியிருக்கிற இடத்தில் வடிவின் அரிவாள் இருந்தது. உருவிப் பார்த்தேன். கழுவித் துடைத்து வைத்திருந்தாள். ஆனால் பிடியும் இரும்பும் சேருகிற பூணில் வாழைக்கறை கறுப்பாக அப்பியிருந்தது. அது கழுவினால் போகாது. மேல்பக்கம் புதிதாகத் தீட்டியிருந்தது. ஒரு தடவை இரண்டு தடவை அல்ல, மழுங்க மழுங்க ராத்திரி முழுக்கத் தீட்டியிருக்கிறாள். சாரல் மேகம் நிலாவை மூடியிருந்த இருட்டு அது. அந்த இருட்டில் கண்ணால் பார்க்காமல் கையால் பிடித்த சாய்வு, பிடியிலிருந்து நுனிவரை ஓரிடத்தில்கூட மாறவில்லை. அந்த நிலைமையிலும் அது என் கண்ணில் பட்டது. எனக்கே வெட்கமாக இருந்தது.

திரும்பினால் வடிவு தொழுவத்து வாசலில் நின்றாள். என் இரண்டு கையிலும் இரண்டு அரிவாள். அவள் ஓடவில்லை. அழுதழுது முகம் வீங்கியிருந்தது.

"ஏட்டி, ஏன் செஞ்ச?" என்றேன். அடித்துக் கொன்றுவிடலாம் போலத்தான் வந்தது, ஆனால் மெதுவாகத்தான் கேட்டேன்.

"கல்யாணம் நிக்கணும். அதுக்குத்தான்."

"ஒந் தம்பி அவன், ஏட்டி. ஒன் இடுப்புல வச்சு வளத்த பிள்ள."

"ஆமா. இடுப்புல வச்சு வளத்தேன்" என்றாள். அப்புறம் என்னைப் பார்க்காமல் மாட்டைப் பார்த்துச் சொன்னாள். "பேச்சி வயித்துவலில சாகல. அவளக் குளிப்பாட்டுனது நான். தண்ணி ஊத்துதேன், கழுத்துல அஞ்சு வெரலும் அப்படியே பதிஞ்சு கெடக்கு. எங்கம்மா ஓடியாந்து மஞ்சள அள்ளி அப்புனா. எங் கைலயும் ஒரு உருண்ட மஞ்சளத் தந்தா. நானும் அப்புனேன்."

 தொழுவத்துத் தூணைப் பிடித்துக்கொண்டேன். பேச்சியின் பாடைக்குத் தோள் கொடுத்தவன் நான். முன்பக்கம் வலதுதோள். சுடுகாட்டிலிருந்து வந்து சங்கிலிப்பாண்டியைக் கட்டிப்பிடித்து, உனக்கு நான் இருக்கிறேன்டா என்று சொன்னவன் நான். அவன் என் தோளில் முகத்தை வைத்து அழுதான். அந்த அழுகையைப் பார்த்துத்தான், இவ்வளவு பாசமுள்ளவனுக்கு என் பெண்ணைக் கொடுத்தால் என்ன என்ற எண்ணமே எனக்கு வந்தது. மஞ்சள் பூசின முகத்தைப் பார்த்து, லட்சுமி மாதிரி இருக்கிறாளே என்றுகூடச் சொன்னேன். நான் சொன்னதுதான். என் வாயால்.

ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா என்ன செய்வீய? ஒண்ணு, நம்ப மாட்டிய. இல்லன்னா அவன வெட்டிருவிய. ரெண்டுல எது நடந்தாலும் நான் தாங்க மாட்டேன். வாழையின்னா அடுத்த வருசம் வச்சிக்கிடலாம்."

ஞானதுரையின் பெயர் வரும் என்று அவள் நினைத்துப் பார்க்கவே இல்லை. பெயர் வந்ததும் வாய் அடைத்துப்போயிற்று என்றாள். நான்தான் வெட்டினேன் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள், ஏன் என்று சொன்னால் தம்பியைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும், சொல்லாவிட்டால் ஒரு பாவமும் அறியாதவன் உயிர் போய்விடும். காலையிலிருந்து இதையே நினைத்து நினைத்துப் புத்தி கலங்கிப் போயிருக்கிறது என்றாள். இப்போது நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டாள். எனக்கு என்ன தெரியும்? அரை நாழிகைக்கு முன்னால்வரை எனக்கு ஒரு வாழைத்தோட்டம் போயிருந்தது, அவ்வளவுதான். இப்போது எதெல்லாம் போயிருக்கிறதென்றே கணக்குத் தெரியவில்லை.

வீட்டுக்குள்ளே மகள் மொழி இருந்தாள். கதவிடுக்கில் அவள் பாவாடை தெரிந்தது. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.  பதினைந்து வயதுப் பெண், தன் கல்யாணத்தில் என்ன காத்திருந்தது என்பதைத் தொழுவத்துப் பேச்சிலிருந்து தெரிந்துகொண்டு அப்படியே நிற்கிறாள். அந்தப் பாவாடையைப் பார்த்ததும் எனக்குள் ஓடிக்கொண்டிருந்ததெல்லாம் நின்றுவிட்டது. வடிவின் அரிவாளைக் கூரையில் செருகினேன். சங்கிலிப்பாண்டியின் அரிவாளை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். வடிவு பின்னாலேயே வந்தாள்.

கூட்டம் இன்னும் பெரிதாகியிருந்தது. சங்கிலிப்பாண்டி கையை நீட்டினான். நான் கொடுக்கவில்லை.

"யாரும் எங்கயும் போகாண்டாம். வாழைய வெட்டுனது ஞானதொர இல்ல, நான்தான்" என்றேன்.

 யாரோ, இவனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றார்கள். வாழை போன துக்கத்தில் மூளை கலங்கிவிட்டது, மண்டையில் தண்ணீர் ஊற்றுங்கள் என்றார்கள். நீர் பண்பொழியில் அல்லவா இருந்தீர் என்று ஒருத்தர் கேட்டார். இருந்தேன், ராத்திரியோடு ராத்திரியாக நடந்து வந்து வெட்டிவிட்டுத் திரும்பிப் போனேன் என்றேன். வாயில் வந்ததைச் சொன்னேன். சங்கிலிப்பாண்டி சிரித்தான்.

"எதுக்கு அத்தான் ஒங்க வாழைய நீங்களே வெட்டணும்?"

"ஒனக்குப் பொண்ணு குடுக்க மனசில்ல."

சிரிப்பு நின்றது. அவன் என் முகத்தையே கொஞ்சநேரம் பார்த்தான். பிறகு சாவகாசமாக ஓர் அடிக்கட்டையின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, குழிக்குள் கையை விட்டுத் தண்ணீரை வழித்து எறிந்தான். வெட்டின முகத்தை விரலால் தடவிப் பார்த்தான். அவனும் அந்த ஊர்ப்பிள்ளைதானே. ஒருபக்கம் தீட்டின அரிவாளோடு புல்லறுக்கப் போன அம்மாவையும் அக்காளையும் பார்த்து வளர்ந்தவன். அவன் எழுந்தபோது முகம் மாறியிருந்தது. என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் நின்ற வடிவைப் பார்த்தான்.

"அத்தான், இது ஒங்க வெட்டு இல்ல. எங்க ஊருப் பொம்பளையாளு வெட்டு. யாரு வெட்டுனான்னு நீங்களே சொல்லுதீயளா, நான் சொல்லட்டுமா?"

வடிவு என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள்.  சொன்னால் இனிமேல் அவளுக்குப் பிறந்த வீடு இல்லை. சொல்லாவிட்டால் இவன் இன்றைக்கில்லாவிட்டால் நாளைக்கு வந்து நிற்பான், முறைமாமன் என்பான், ஊரும் அவன் பக்கம்தான் பேசும்.  அவள் என் சட்டையை விட்டாள். விட்டுவிட்டு ஓர் அடி முன்னால் வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"சொல்லுதேன் மாப்ள" என்றேன். "ஆனா மொதல்ல நீ சொல்லு. பேச்சி கழுத்துல கெடந்த அஞ்சு வெரலும் யாரோடது? அத நீ சொல்லு, வாழைய வெட்டுனது யாருன்னு நான் சொல்லுதேன்."

 அவன் வாழைநீர் சொட்டிக்கொண்டிருந்த வலதுகையைத் தூக்கி ஒரு நிமிஷம் பார்த்தான். பிறகு அதை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் மறைத்துக்கொண்டான். தான் என்ன செய்கிறோம் என்று அவனுக்கே தெரிந்திருக்காது. வரப்பில் நின்ற அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். ஒரு கிழவி, அட பாவி என்றாள், அதுவும் ரொம்ப மெதுவாக.

அவன் ரோட்டைப் பார்த்து நடந்தான். வழியை விட்டு எல்லாரும் விலகிக்கொண்டார்கள், யாரும் அவனைத் தொடவில்லை. வடிவைத் தாண்டும்போது அவள், தம்பி என்று கூப்பிட்டாள். ஏன் கூப்பிட்டாள் என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. அவன் திரும்பவில்லை.

செய்தி பேச்சியின் அண்ணன்மார் காதுக்குப் போயிற்று. அவர்கள் தேடிக்கொண்டு போனபோது சங்கிலிப்பாண்டி சுரண்டைப் பக்கமே இல்லை. கேரளாவுக்கு ஓடிவிட்டான் என்றார்கள், பம்பாய் என்றார்கள். நான் விசாரிக்கவில்லை. ஞானதுரை வீட்டுக்குப் போய் அவன் முன்னால் நின்று, நான் அடித்த கன்னத்துக்குப் பதிலாக என்னை அடித்துக்கொள் என்றேன். அவன் அடிக்கவில்லை. உட்காருங்க அண்ணாச்சி என்று சொல்லிவிட்டுப் பெரிதாக ஓர் ஏப்பம் விட்டுக் காப்பி வரவழைத்தான். மடைத்தண்ணீருக்கு இன்றுவரை எங்களுக்குள் தகராறு உண்டு, அது வேறு. மொழி அந்த வருஷம் பத்தாவது பரீட்சை எழுதினாள்.

என் வாழையை வெட்டினதற்கு எனக்கு வடிவின்மேல் கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய். ஏத்தன் தாரைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும். ஆனால் வாயைத் திறந்து அவளை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அடுத்த ஐப்பசியில் ஒருநாள், சுரண்டை பஸ் கண்டக்டர் வண்டியை நிறுத்தி இறங்கி வந்து, வடிவின் அம்மா இறந்துபோய் எட்டு நாளாகிறதே, வடிவக்காளை அங்கே காணவில்லையே என்று கேட்டுவிட்டுப் போனார். யாரும் எங்களுக்கு ஆள் அனுப்பவில்லை. பெற்ற தாயைக் குளிப்பாட்ட மகளைக் கூப்பிடவில்லை. இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தொழுவத்து வாசலில் போய் நின்றேன். வடிவு பால் கறந்துகொண்டிருந்தாள். சொன்னேன். அவள் கை நிற்கவில்லை. கறந்து முடித்தாள், கன்றை அவிழ்த்துவிட்டாள், செம்பை ஓரமாக வைத்து மூடினாள். பிறகு எழுந்து நின்று என்னைப் பார்த்து, "எங்கம்மைக்கு மஞ்ச தேச்சது யாருன்னு கேட்டீயளா?" என்றாள்.